இரண்டாம் சட்டியும் எட்டு ஈடுகளும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நான் ஆண்டிபட்டிக்காரி. வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும் என்று கம்பத்துப் பக்கத்தில் கேலி செய்வார்கள். அவர்களுக்கென்ன, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, நிதானமாகப் பேசலாம். இந்தக் கோபத்தையும் ஒரு உணவுத் தொழில்நுட்பப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டுதான் கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவே இருந்த ஒரு சிப்ஸ் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நீளமான தகரக் கொட்டகை ஒன்று. ஒரு கோடியில் நேந்திரங்காய் குவிந்து கிடக்கும். பெண்கள் உட்கார்ந்து தோல் உரிப்பார்கள். நடுவில் இரண்டு பெரிய இரும்புச் சட்டிகள், விறகு அடுப்பு, தேங்காய் எண்ணெய். மறு கோடியில் பொட்டலம் போடும் இடம். அங்கிருந்து வண்டி கிளம்பினால் மலையேறிக் குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போய்விடும். கேரளத்துக்காரர்களுக்கு வாழைக்காய் சிப்ஸ் விற்பது சாதாரண வேலை இல்லை. வாயில் போட்ட முதல் துண்டிலேயே நம் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்கள்.

முதல் சட்டியில் ஒரு மாஸ்டர். கோட்டயத்தில் பல வருஷம் அடுப்படியில் நின்று தொழில் கற்றவர். பேச்சுக்கு நடுவே மலையாளத்துக்காரர் மாதிரி 'பின்னே' என்பார், அதற்காகவே பெண்கள் அவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். இரண்டாம் சட்டியில் ஒரு அக்கா. ஐம்பதை நெருங்கிய வயது. பக்கத்தில் மாதா கோயில் இருக்கிற ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். தோல் உரிக்கத்தான் வேலைக்கு வந்தாராம். உரித்து, சீவி, எண்ணெய் ஊற்றி, கடைசியில் சட்டிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கொட்டகையில் சட்டிக்கு முன்னால் நின்ற ஒரே பெண் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் பாடுவார். அடுப்படியிலும் வாய் சும்மா இருக்காது, எதையாவது முனகிக்கொண்டே இருக்கும்.

சட்டியில் ஒரு தடவை போட்டு எடுப்பதை ஈடு என்பார்கள், வீட்டில் இட்லிக்குச் சொல்வதுபோலத்தான். சீவிய காய் எண்ணெயில் விழுந்ததும் ஒரு இரைச்சல் கிளம்பும். கொஞ்ச நேரம் கழித்து மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி விடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் பயந்து போகிற மாதிரி வெடிக்கும். பிறகு மெல்ல மெல்ல அடங்கும். எப்போது எடுப்பது என்று அக்காவிடம் முதல் நாள் கேட்டேன். கையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தேன், நிமிஷக் கணக்கு சொல்வார் என்று நினைத்து.

"கணக்கு என்னத்தா கணக்கு. சலசலன்னு கேக்குறது கலகலன்னு மாறும். மாறுனதும் எடுக்க வேண்டியதுதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இதை எப்படி நோட்டில் எழுதுவது? மாஸ்டரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார், நடுவில் ஒரு 'பின்னே' சேர்த்து. இரண்டு பேரும் காதால்தான் பொரித்தார்கள். காயில் ஈரம் போய்விட்டதா என்பதை எண்ணெய் சத்தம் போட்டுச் சொல்லும், அதைக் கேட்டு எடுப்பார்கள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதல் ஈடு சாமிக்கு. சுவரில் பிள்ளையார் படம், பக்கத்தில் அக்கா கொண்டுவந்து மாட்டிய மாதா படம். இரண்டுக்கும் முன்னால் ஒரு தட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். முதல் ஈடு இறங்கும் வரை யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள், எந்த மிஷினையும் போட மாட்டார்கள். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. நாத்திகம் பேசுகிற நானே அந்த நேரத்தில் செல்போனை அமைதியாக்கி வைப்பேன்.

பொங்கல் கழிந்து முதலாளி ஒரு பொட்டலம் போடும் மிஷின் வாங்கினார். காற்று அடைத்து, ஒட்டி, தேதியும் நேரமும் அச்சடித்துத் தள்ளும். அதற்குக் காற்று கொடுக்க ஒரு கம்ப்ரசர். எங்கே வைப்பது என்று முதலாளி என்னிடம் கேட்டார். நான் அளந்து பார்த்து, படம் வரைந்து, இரண்டாம் சட்டிக்கு வலப்பக்கம் வைக்கச் சொன்னேன். சட்டிக்கும் பொட்டலத்துக்கும் தூரம் குறைந்தால் சிப்ஸ் காற்றில் ஈரம் குடிக்காது, தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். நல்ல யோசனைதான். கூடவே, எந்தச் சட்டியில் பொரித்தது என்று பொட்டலத்தில் எண் அடிக்கவும் ஏற்பாடு செய்தேன். குறை வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்கலாமே. முதலாளி நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

மாசியில் கடைகளிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. நமுத்துப் போயிருக்கிறது என்றார்கள். எல்லாம் இல்லை, ஒரு பெட்டியில் நாலு நன்றாக இருக்கும், ஐந்தாவது சவசவ என்றிருக்கும். இதுதான் எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. எல்லாமே மோசம் என்றால் காரணம் சுலபமாகக் கிடைக்கும். ஒன்று நன்றாகவும் ஒன்று மோசமாகவும் வந்தால் எதைப் பிடிப்பது? முதலாளி எண்ணெய்க்காரரை மாற்றினார். பிறகு காய் போடும் தோட்டத்தை மாற்றினார். பிறகு பொட்டலத் தாளை மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் சரியானது போல இருக்கும், மறு வாரம் பழைய கதை.

ஆடி பிறந்தது. ஓணத்துக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. கடைக்காரர்கள் முதல் தடவையாகத் திருப்பி அனுப்பிய பொட்டலங்களை முதலாளி என் மேசையில் கொட்டினார். அத்தனையிலும் என் ஏற்பாட்டில் அச்சடித்த எண் இரண்டு.

"ஏம்மா, எல்லாம் ரெண்டாம் சட்டி. இதுல யோசிக்க என்ன கெடக்கு? குமுளியில ஒருத்தரு இருக்காக, நல்லாப் போடுவாகளாம். வரச் சொல்லிட்டேன். அந்தம்மா உரிக்கிற பக்கம் போகட்டும். சம்பளத்துல கை வைக்கல" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. ஆனால் சட்டியிலிருந்து உரிக்கும் இடத்துக்குப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷம் ஏறிய படியை ஒரே நாளில் எல்லார் கண் முன்னாலும் இறங்குவது அது. அந்த அக்கா எனக்குப் பிடித்தமானவர். என் கோபத்தைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள். நான் கத்தினால், "ஆண்டிபட்டியில இன்னும் மழை இல்லையோ" என்பார். அவரை உரிக்க அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

பத்து நாள் கேட்டேன். ஒரு சோதனை செய்கிறேன், காரணத்தைக் கையில் தருகிறேன் என்றேன். "அதான் ஆறு மாசமா மாத்தி மாத்திப் பாத்தாச்சே" என்றார் முதலாளி.

"ஒண்ணு ஒண்ணா மாத்துனதுதான் சார் தப்பு. குழம்புல புளி கூடியிருந்தா உப்பு தூக்கலாப் போடணும், புளி கொறைஞ்சா அதே உப்பு கரிக்கும். உப்ப மட்டும் மாத்திப் பாத்தா என்ன தெரியும்? ரெண்டையும் சேத்து மாத்திப் பாக்கணும், ஒரு திட்டத்தோட" என்றேன். குழம்பு என்றதும் தலையை ஆட்டினார்.

மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டேன். காய் வெட்டிய அன்றே வந்ததா, மூன்று நாள் கிடந்ததா. சீவல் மெல்லிசா, தடிப்பா. உப்புத் தண்ணீர் முன்னால் விடுவதா, பின்னால் விடுவதா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி என்றால் மொத்தம் எட்டு விதம் ஆகிறது. எட்டு ஈடு. எட்டையும் அக்காவே இரண்டாம் சட்டியில் போட வேண்டும், வழக்கமான ஈடுகளுக்கு நடுநடுவே. எது முன்னால் எது பின்னால் என்பதை நான் முடிவு செய்யக் கூடாது. மெல்லிசு எல்லாம் காலையிலும் தடிப்பு எல்லாம் மத்தியானமும் போட்டால், வித்தியாசம் கத்தியால் வந்ததா வெயிலால் வந்ததா என்று யார் சொல்வது? அதனால் எட்டுச் சீட்டு எழுதி ஒரு தூக்குவாளியில் போட்டுக் குலுக்கினேன்.

"என்ன மேடம், குலுக்கல்ல குக்கரா விழப் போகுது?" என்றார் மாஸ்டர். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் சீட்டை எடுத்தார். இது அவர் சட்டிக்கு வைத்த பரீட்சை என்று கொட்டகையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முதல் சீட்டை எடுத்ததுமே நான் என் அறைக்குப் போய்விட்டேன். அது காய்க் குவியலுக்கும் அப்பால் இருந்தது. தராசு காற்றுக்கு ஆடும் என்பதால் கதவை இறுக்கிச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஈட்டிலும் எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கிறது என்று நிறுத்து நிறுத்துப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியது. சாயங்காலம் எட்டுப் புள்ளிகளையும் தாளில் வைத்தேன்.

எட்டும் ஒரே கோட்டில் இருந்தன.

எட்டு ஈடும் மொறுமொறு. பழைய காயும் நன்றாக வந்திருந்தது, தடித்த சீவலும் நன்றாக வந்திருந்தது. மூன்றில் எதை மாற்றினாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குப் பேனாவை விட்டெறிய வேண்டும் போல இருந்தது. முதலாளி தாளைப் பார்த்துவிட்டு ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

"கவனமாப் போட்டா நல்லாத்தான் வருதுல்ல? அப்ப மத்த நாள்ல கவனம் இல்லைன்னுதானம்மா அர்த்தம்? காயி மேல குத்தமில்ல, கத்தி மேல குத்தமில்ல. மிச்சம் யாரு?"

அக்காவைக் காப்பாற்றப் போய், கையெழுத்துப் போட்டுக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். அன்று பஸ்ஸில் தேனி வரை அந்தத் தாளையே வெறித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, பரீட்சையில் பெயிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் ஒரு சந்தேகம் வந்தது. சோதனை ஈடுகளைத்தான் எடை போட்டேன்; நடுவில் அக்கா போட்ட வழக்கமான ஈடுகளைப் பார்க்கவே இல்லையே. அந்தப் பொட்டலங்கள் இன்னும் வண்டி ஏறவில்லை. இரண்டு என்று எண் போட்டதாகப் பார்த்து எடுத்துக் கத்தரித்தேன். முதலாவது மொறுமொறு. இரண்டாவது சவசவ. அதே நாள், அதே காய், அதே கை. பரீட்சையில் தேறியவர் பத்து நிமிஷத்தில் எப்படித் தவறுவார்? பொட்டலங்களை நேரப்படி மேசையில் அடுக்கினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அச்சடித்திருந்த நேரங்களில் அங்கங்கே ஓட்டை இருந்தது. ஒரு ஈடு பொரிகிற அளவு நேரம் ஒரு பொட்டலம்கூடப் போடவில்லை. காலை முதல் ஈட்டை விட்டுவிட்டு எண்ணினேன். எட்டு ஓட்டைகள்.

பொட்டலம் போடும் இடத்தில் இருந்த பெண்ணிடம் போனேன். "நேத்து மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டேன்.

"ரிப்பேரெல்லாம் இல்லக்கா. பரீட்சை ஈடு ஒவ்வொண்ணும் புது ஈடுதானே. முத ஈட்டுக்கு மிஷின் போட மாட்டோம்ல, அது மாதிரின்னு நெனச்சு அமத்துனோம். பாவம்க்கா அவுக, சட்டி நெலைக்கணுமே" என்றாள். சொல்லிவிட்டு, "தப்பாக்கா?" என்றும் கேட்டாள்.

என் திட்டம் முழுவதையும் பாழாக்கிவிட்டு இந்தக் கேள்வி வேறு. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. முதல் ஈடு எப்போதும் நன்றாக வருவதன் காரணம் எனக்கு அதுவரை தெரியாது. எண்ணெய் புதிது என்று நினைத்திருந்தேன். எட்டு ஈடும் நன்றாக வந்ததற்கும் அதுதான் காரணம். கம்ப்ரசர் இரைச்சல் நின்றிருந்தது. அக்காவுக்கு எண்ணெயின் சத்தம் கேட்டது. காய் பழசானாலும், சீவல் தடிப்பானாலும், சத்தம் மாறும் வரை விட்டு எடுத்திருக்கிறார். எல்லா வித்தியாசத்தையும் அவர் காதே சரி செய்துவிடுகிறது. சத்தம் கேட்காதபோது ஒன்றையும் சரி செய்ய முடிவதில்லை.

சோதனைக்கு மூன்று விஷயம் எழுதினேனே, நாலாவதாக மிஷினை ஏன் எழுதவில்லை? ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதை அங்கே வைத்தவள் நான். நான் செய்த நல்ல காரியம் என் சந்தேகப் பட்டியலில் எப்படி வரும்?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தண்ணீர்க் குழாயில் தூக்குச்சட்டி கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "அக்கா, மிஷின் ஓடுறப்ப எண்ணெய்ச் சத்தம் கேக்குதா?" என்றேன்.

முகம் மாறிவிட்டது. சுற்றிலும் பார்த்தார். "யாரு சொன்னாக? மெதுவாப் பேசுத்தா."

"யாரும் சொல்லல."

குழாயை மூடினார். பிறகு சொன்னார்: "எனக்குக் காது போச்சுத்தா. மாசியில இருந்தே சரியில்ல. இங்கன நிக்கிறப்ப ஒண்ணுமே கேக்கல, நுரையப் பாத்துத்தான் எடுக்குறேன். வீட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள ஙொய்ங்குன்னு ஒரே எரைச்சல். பாட்டுப் பழகப் போனா ஆர்மோனியம் பிடிபடல. ரெண்டு வாரம் சுதி விலகிப் பாடுனேன். பக்கத்துல நிக்கிறவுக திரும்பிப் பாத்தாக. நின்டுட்டேன். தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிட்டேன்."

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"காட்டி, அவுக எழுதிக் குடுத்துட்டா? காது போனவள யாரு சட்டியில விடுவாக?"

ஆறு மாதமாக ஒரு மனுஷி இதைச் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் நடமாடியிருக்கிறார். நான் ஈரத்தை மட்டும் நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னொரு சோதனை செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். காதுதான் காரணம் என்று தாளில் வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வந்தா வந்ததுதான்க்கா. ஆனா இந்தத் தடவை மாஸ்டரையும் உங்க சட்டியில நிறுத்தப் போறேன்."

யோசித்தார். "மாஸ்டரு கோவிச்சுக்கிருவாகளே" என்றார். பிறகு, "சரி, போடு" என்றார்.

மறுபடியும் எட்டு ஈடு. இந்தத் தடவை யார் பொரிப்பது, எந்தச் சட்டி, மிஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்ற மூன்று. பொட்டலம் போடும் பெண்களைக் கூப்பிட்டு, காலை முதல் ஈடு மட்டும்தான் சாமிக்கு, அதற்குப் பிறகு சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அறைக்குப் போகவில்லை. சட்டிக்குப் பக்கத்திலேயே எண்ணெய் தெறிக்க நின்றேன்.

மாஸ்டருக்கு இரண்டாம் சட்டியில், மிஷின் ஓடும்போது என்று ஒரு சீட்டு விழுந்தது. கரண்டியைப் போட்டுக் கிளறினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். குனிந்து சட்டிக்குள்ளேயே காதைக் கொண்டுபோனார். கடைசியில் ஒரு மாதிரி எடுத்துக் கொட்டினார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"பின்னே என்ன மேடம், ஒண்ணுமே கேக்கலையே. இதுலயா நின்னு இந்தம்மா ஆறு மாசம் போட்டுச்சு?" என்றார்.

அன்று சாயங்காலத் தாள் எனக்கு இன்னும் மனப்பாடம். மிஷின் நின்றிருந்தால் யார் எந்தச் சட்டியில் போட்டாலும் நன்றாக வந்தது. மிஷின் ஓடினாலும் முதல் சட்டியில் நன்றாகவே வந்தது, அக்கா போட்டதும்கூட. இரண்டாம் சட்டியும் ஓடுகிற மிஷினும் சேர்ந்தபோது மட்டும் இரண்டு பேர் ஈடும் நமுத்தது. அதிலும் மாஸ்டருடையதுதான் ரொம்ப மோசம். அக்கா நுரையைப் பார்த்துப் பார்த்து, பாதிக்கு மேல் ஒப்பேற்றியிருக்கிறார். ஆளால் ஒரு வித்தியாசமும் இல்லை. சட்டியாலும் இல்லை, மிஷினாலும் தனியாக இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் காரணம்.

முதலாளியிடம் தாளை நீட்டினேன். "மிஷின் இருக்கிற இடம் சார். அதை அங்கே வைக்கச் சொன்னது நான்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ இந்தச் சோதனையப் பண்ணாம இருந்திருந்தா உம்மேல பழியே வந்திருக்காதுல்ல?"

"வந்திருக்காது சார்."

"அப்ப ஏன் பண்ணுன?"

"கோவத்துல பண்ணிட்டேன் சார்."

சிரித்துவிட்டார். என் எதிரிலேயே குமுளிக்குப் போன் போட்டு, ஆள் வேண்டாம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார். அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தாளை விரித்துக் காட்டினேன். மாஸ்டர் பேர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, அவருக்கும் கேட்கவில்லை, உங்களை விட மோசம் என்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப எங்காது நல்லாருக்கா?"

"காது இல்லக்கா காரணம். மிஷின்தான். அதுக்குப் பக்கத்துல யாரு நின்னாலும் கேக்காது. வீட்டுல வர்ற ஙொய்ங்கும் அந்த எரைச்சலாலதான். தேனியில டாக்டர்ட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கொஞ்சம் ஆறியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அத யாருத்தா அங்கன கொண்டாந்து வச்சது?"

"நான்தான்க்கா."

பையைத் தோளில் மாட்டினார். ஆண்டிபட்டி மழையைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். நாலு எட்டு நடந்துவிட்டு நின்று, திரும்பாமலே சொன்னார்: "ஈஸ்டருக்கு நான் பாடலத்தா. பதினெட்டு வருசத்துல மொதத் தடவ."

மிஷினைக் கொட்டகைக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம் மாற்றினோம். தட்டைத் தூக்கிக்கொண்டு முன்பைவிட அதிக தூரம் நடக்க வேண்டும். யாரும் முணுமுணுக்கவில்லை. ஓணத்துக்குப் போன சரக்கில் ஒரு பொட்டலம்கூட நமுத்துவிட்டது என்று திரும்பவில்லை. முதலாளி திரும்பவும் நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். சொல்லாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

ஓணத்துக்கு முன்னாலேயே, ஆடிக் கடைசியில் வந்த மாதா திருநாளுக்கு வரச் சொல்லி அக்கா கூப்பிட்டார். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மாஸ்டரும் சலவைச் சட்டையோடு வந்திருந்தார். அக்கா பாடினார். அடுப்படி முனகலாக மட்டுமே நான் கேட்டிருந்த குரல், அவ்வளவு பெரிய குரல் என்று எனக்குத் தெரியாது. முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், இத்தனை வருஷமும் இவுக ஆர்மோனியத்துக்கு அந்தப் பக்கம்தான நிப்பாக, இன்னைக்கு என்ன இந்தப் பக்கம் என்று கேட்டாள். பார்த்தேன். அக்கா இடது காது ஆர்மோனியத்தின் பக்கம் வரும்படி மாறி நின்றிருந்தார். மிஷின் இருந்தது அவருக்கு வலப்பக்கம். அந்தக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, இனி முழுசாகத் திரும்பாது என்று தேனி டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்து, எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது அக்கா என்று அவருடைய இடப்பக்கம் போய் நின்று சொன்னேன்.